நுரையீரல் அடி வாங்குனா இதயம் ஏன் திணறுது? வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஏஆர்டிஎஸ் பத்தி, அதாவது நுரையீரல் முழுக்க திடீர்னு வீங்கி நீர் கோத்துக்கிட்டு ஆக்சிஜன் ஏறாம போற அந்த நிலைமை பத்தி ஒரு கேள்விக்கு பதில் எழுதியிருந்தேன். அதுல "இந்த விஷயத்துல நமக்கு தெரிஞ்சதுல பாதிக்கு மேல விலங்குகள் சொல்லிக் கொடுத்தது"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன், அந்த ஒரு வரிய பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் எழுதிட்டீங்க. அதனால இந்த தடவை முழுக்க அதேதான்.

கேள்வி: டாக்டர், எங்க அப்பா கடுமையான நிமோனியால ஐசியூல இருந்தாங்க. முதல் மூணு நாள் "லங்ஸ்தான் பிரச்சனை, ஹார்ட் நல்லா இருக்கு"ன்னு சொன்னாங்க. நாலாவது நாள் "ஹார்ட்டோட வலது பக்கம் பலவீனமா இருக்கு, பிபி நிக்கல"ன்னு சொன்னாங்க. இதுக்கு முன்னாடி அவருக்கு ஹார்ட் பிரச்சனையே கிடையாது. இது எப்படி?

உங்க குழப்பம் நியாயமானது, இதே கேள்வியோட நிறைய குடும்பங்கள் ஐசியூ வாசல்ல நிக்கறத பாத்திருக்கேன். மொதல்ல ஒண்ண மனசுல வெச்சுக்கோங்க. நுரையீரல நாம காத்துப் பைன்னுதான் நினைக்கிறோம், ஆனா அது அதே அளவுக்கு ஒரு ரத்தப் பை. உடம்புல ஓடுற மொத்த ரத்தமும், நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர், ஒரு சொட்டு விடாம நுரையீரல் வழியாதான் போயாகணும், சுத்து வழி கிடையாது. கிட்னி, கல்லீரல், மூளை எல்லாம் ஆளுக்கு ஒரு பங்குதான் வாங்குது, நுரையீரல் மட்டும்தான் முழுசும் வாங்குது.

இவ்வளவு ரத்தத்தையும் அது ரொம்ப கம்மியான அழுத்தத்துல வாங்குது. கையில பிபி பாக்கறப்போ சராசரி அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் கிட்ட இருக்கும், நுரையீரல் தமனியில சராசரி 14 தான். அதனால அத தள்ளுற வலது கீழறையோட சுவரும் ரொம்ப மெலிசு. ரத்தம் நிறைய வந்தா சமாளிக்கும், ஆனா எதிர்ல தடை வந்தா, அதுவும் ஒரே நாள்ல வந்தா, அதால தாங்க முடியாது. வருஷக்கணக்கா மெதுவா தடை ஏறுனா சுவர் தடிச்சு பழகிக்கும், மூணு நாள்ல ஏறுனா பழக எங்க நேரம் இருக்கு?

நுரையீரல் கடுமையா அடி வாங்குனா அந்த தடை நாலு பக்கத்துல இருந்தும் வருது. காத்து போகாத இடத்துல ரத்தக் குழாய் தானா சுருங்கிக்கும். குட்டி குட்டி ரத்தக் கட்டிங்க நுண்குழாய்ங்கள அடைச்சுக்கும். வீக்கத்துல வர்ற ரசாயனங்கள் குழாய இன்னும் இறுக்கும். கடைசியா, உயிர காப்பாத்த நாம வெக்கிற வென்டிலேட்டரே காத்த அழுத்தி ஊதறப்போ நுண்குழாய்ங்கள நசுக்கும். இப்போ வலது கீழறை உப்புது, உப்பி நடுச்சுவர இடது பக்கம் தள்ளுது, இடது கீழறை நிரம்ப இடம் இல்லாம போகுது, நிரம்பாத அறை எத வெளிய தள்ளும்? பிபி விழுது. அப்பாவோட ஹார்ட்ல நோய் இல்ல, நுரையீரல் போட்ட சுமைதான் அது. ஏஆர்டிஎஸ் வந்தவங்கள்ல சுமார் நாலுல ஒருத்தர், ஐஞ்சுல ஒருத்தருக்கு இப்படி வலது பக்கம் திடீர்னு திணறுது, அதனால உங்க அப்பாவுக்கு ஏதோ அபூர்வமா நடந்துடுச்சுன்னு நினைக்காதீங்க.

கேள்வி: "காத்து போகாத இடத்துல குழாய் தானா சுருங்கும்"ங்கறது யார் கண்டுபிடிச்சது சார்? மத்த இடத்துல ஆக்சிஜன் கம்மியானா குழாய் விரியும்னுதான படிச்சோம்? (பிசியோதெரபி மாணவர்)

சரியாதான் படிச்சிருக்கீங்க தம்பி, நுரையீரல் மட்டும் தலைகீழ். 1946ல உல்ஃப் வான் ஆய்லர், யோரான் லில்யேஸ்ட்ராண்ட்ங்கற ரெண்டு சுவீடன் விஞ்ஞானிகள் மயக்கத்துல இருந்த பூனைகளுக்கு ஆக்சிஜன் கம்மியான காத்த கொடுத்து நுரையீரல் தமனி அழுத்தத்த அளந்தாங்க, ஏறுச்சு. காத்து இல்லாத இடத்துக்கு ரத்தத்த அனுப்பி என்ன லாபம், காத்து இருக்கற பக்கம் திருப்பி விடுங்கற புத்தி அது. நுரையீரல்ல ஒரு சின்ன மூலை மட்டும் கெட்டிருந்தா இந்த ஏற்பாடு ரொம்ப அருமையா வேலை செய்யுது. முழு நுரையீரலும் கெட்டுப் போனா எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல சுருங்கி, காப்பாத்த வந்ததே வலது இதயத்துக்கு பாரமா மாறிடுது. அதே வான் ஆய்லருக்குதான் 1970ல நோபல் பரிசு கிடைச்சது, அது இதுக்கு இல்ல, நரம்பு முனைகள் பத்தின வேற ஆராய்ச்சிக்கு.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், எல்லா விலங்குக்கும் இந்த சுருக்கம் ஒரே அளவு கிடையாது. பன்னிக்கு ரொம்ப பலமா இருக்கும், நாய்க்கு கம்மி. அதனால ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைய எடுத்தா நான் மொதல்ல பாக்கறது எந்த விலங்குன்னுதான், ரிசல்ட் அப்புறம்.

கேள்வி: விலங்குகளுக்கு எப்படி நுரையீரல் காயத்த "உண்டாக்குறாங்க"? மனுஷனுக்கு நிமோனியா வருது, அடிபடுது, ரத்தத்துல கிருமி ஏறுது, அது எல்லாம் ஒரே மாதிரியா இருக்கு? (எம்எஸ்சி மாணவி)

அருமையான கேள்வி மா, இதுக்குதான் கொஞ்சம் நீளமா எழுதப் போறேன்.

ஒரு வழி ஒலிக் அமிலம். எலும்பு முறிஞ்சா மஜ்ஜையில இருக்கற கொழுப்பு ரத்தத்துல கலந்து நுரையீரலுக்கு போய் அடைக்கும் இல்லையா, அத மாதிரி பண்றது. முப்பது கிலோ பன்னிக்கு மொத்தமே சுமார் 3 மி.லி. தான், அதையும் கழுத்து வழியா போட்ட குழாய்ல சொட்டு சொட்டா கொடுக்கணும். நான் மொதல் தடவ பக்கத்துல நின்னு பாத்தத இன்னும் மறக்கல. முழு மயக்கத்துல இருக்கற பன்னி, மானிட்டர்ல நாலு கோடு ஓடுது, நுரையீரல் தமனியோட கோடு 15 கிட்ட அமைதியா மேடு பள்ளமா போயிட்டிருக்கு. மருந்து உள்ள போகப் போக அந்தக் கோடு ஏறுது, 20, 26, 33ன்னு, வெளிப்பார்வைக்கு பன்னி அப்படியேதான் இருக்கு, ஆக்சிஜன் அளவு கூட இன்னும் பெருசா விழல. இதயத்த ஸ்கேன் பண்ணி காட்டற எக்கோ மிஷின திருப்பி காட்டுனாங்க, பிறை மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்த வலது கீழறை உருண்டு பலூன் மாதிரி ஆகியிருக்கு, நடுச்சுவர் தட்டையா நிக்குது. அன்னைக்குதான் எனக்கு புரிஞ்சது, ஆக்சிஜன் மீட்டர பாத்துட்டு "இன்னும் நல்லாதான் இருக்கு"ன்னு சொல்லக்கூடாதுன்னு, ரத்த ஓட்டம் அதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சிடுது.

ரெண்டாவது வழி கழுவுறது. 1980ல லாக்மன் குழு கினிப்பன்றிகள்ல இத செஞ்சு காட்டுனாங்க. வெதுவெதுப்பான உப்புத் தண்ணிய நுரையீரலுக்குள்ள விட்டு திரும்ப வாங்கி, மறுபடி விட்டு வாங்கி, உள்ள பூசியிருக்கற சர்ஃபாக்டன்ட்ட கழுவி எடுத்துடுவாங்க. சர்ஃபாக்டன்ட்ங்கறது காத்தறைங்க ஒட்டிக்காம திறந்து வெக்கிற படலம். அது போயிட்டா அறைங்க மூடிக்குது, ஆக்சிஜன் படுமோசமா விழுது, ஆனா ரத்தக் குழாய் சுவர் அவ்வளவா சேதம் ஆகல. அதனால வலது இதயத்து மேல பாரம் ஒலிக் அமிலத்த விட பொதுவா கம்மி, வென்டிலேட்டர்ல மூச்சு வெளிய விட்ட கடைசியிலயும் கொஞ்சம் அழுத்தம் நிக்கிற மாதிரி வெச்சா, அதத்தான் பீப்னு சொல்றோம், அறைங்க சட்டுனு திறந்துக்கும். ஆக்சிஜன் ரெண்டுலயும் மோசம், ரத்த ஓட்டக் கதை வேற வேற.

மூணாவது என்டோடாக்சின், சில வகை பாக்டீரியாவோட வெளிச்சுவர்ல இருக்கற விஷம். இதுல செம்மறியாடுதான் பெரிய வாத்தியார். நுரையீரல்ல இருந்து வடியற நிணநீர தனியா பிடிச்சு அளக்கற முறைய செம்மறியாட்டுல நார்மன் ஸ்டாப் குழு கொண்டு வந்தாங்க, அதனால குழாயில இருந்து எவ்வளவு கசியுதுன்னு மணிக்கணக்கா அளக்க முடிஞ்சது. பாத்தா ரெண்டு கட்டமா நடக்குது. மொத ஒரு மணி நேரத்துக்குள்ள நுரையீரல் தமனி அழுத்தம் எகிறுது, அதுக்கு காரணம் த்ராம்பாக்ஸேன்ங்கற ரசாயனம். அப்புறம் அழுத்தம் ஓரளவு இறங்குது, ஆனா அப்போதான் புரதம் நிறைஞ்ச நிணநீர் கொட்ட ஆரம்பிக்குது, அதாவது குழாய் சுவரே ஓட்டையாயிடுச்சு. த்ராம்பாக்ஸேன தடுக்கற மருந்த முன்னாடியே கொடுத்தா மொத கட்டம் அடங்கிடும், ரெண்டாவது கட்டம் அவ்வளவு சுலபமா அடங்கறதில்ல. அழுத்தம் வேற, கசிவு வேற. இந்த ஒண்ண புரிஞ்சுக்க எத்தனையோ ஆடுகள் தேவைப்பட்டுச்சு.

நாலாவது வென்டிலேட்டரையே ஆயுதமா வெச்சு காயப்படுத்தறது, அத அடுத்த கேள்வியில சொல்றேன். ஆக உங்க கேள்விக்கு நேரடி பதில், ஒரே மாதிரி இல்ல. எந்த மாடலும் முழு ஏஆர்டிஎஸ் கிடையாது, ஒவ்வொண்ணும் அதோட ஒரு துண்டு. 2011ல அமெரிக்க தொராசிக் சொசைட்டி, அதாவது அங்க இருக்கற நுரையீரல் டாக்டர்கள் சங்கம், ஒரு அறிக்கையில, விலங்குக்கு உண்மையிலயே நுரையீரல் காயம்னு சொல்லணும்னா திசு சேதம், தடுப்புச்சுவர் கசிவு, அழற்சி, வேலை செய்யாம போறதுன்னு நாலு பக்கமும் பாக்கணும்னு எழுதினாங்க. அதுல வலது இதயத்துக்குன்னு தனி இடம் இல்லங்கறது என்னோட வருத்தம்.

கேள்வி: வென்டிலேட்டரே நுரையீரல கெடுக்கும்னு எலிகள்ல நிரூபிச்சாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். 1974ல வெப், டியர்னின்னு ரெண்டு பேர் நல்ல ஆரோக்கியமான எலிகள வென்டிலேட்டர்ல போட்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் 45 செ.மீ. தண்ணி அளவு அழுத்தத்துல ஊதுனாங்க. பீப் எதுவும் இல்லாம ஊதுன எலிங்க ஒரு மணி நேரத்துக்குள்ள நுரையீரல் முழுக்க ரத்தமும் நீரும் கோத்து இறந்து போச்சு. அதே 45, ஆனா மூச்சு விடறப்போ 10 பீப் வெச்ச எலிங்களுக்கு சேதம் ரொம்ப கம்மி. இந்த ஒரு பரிசோதனைய வெச்சு வருஷக்கணக்கா எல்லாரும் என்ன சொன்னோம்? காத்தறைங்க மூடி மூடி திறக்கறதால கிழியுதுன்னு. நானும் அப்படித்தான் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தேன்.

2017ல பிரையன் காவனா குழு இதே மாதிரி எலி பரிசோதனைய திரும்ப பண்ணாங்க, இந்த தடவ இதயத்து மேல எக்கோ வெச்சுக்கிட்டு. இதயத்த யாரும் பாக்காம விட்ட இடம் அங்கதான் தெரிஞ்சது. பீப் இல்லாத எலிகள்ல, ஒவ்வொரு தடவ காத்து ஊதறப்பவும் நுரையீரலுக்கு போற ரத்தம் கிட்டத்தட்ட நின்னே போகுது, காத்து வெளிய வந்த உடனே மடை திறந்த மாதிரி பாயுது, அடுத்த மூச்சு, மறுபடி நிக்குது, மறுபடி பாயுது. நிமிஷத்துக்கு எத்தனை தடவ! அந்த பாய்ச்சல நுண்குழாய் சுவர் தாங்கல, வலது கீழறையும் உப்பிக்கிட்டே போய் கடைசியில திணறிடுச்சு. பீப் வெச்சப்போ ரத்தம் அவ்வளவு வெள்ளமா திரும்பி வரல, ஓட்டம் கொஞ்சம் கம்மியா ஆனா சீரா இருந்துச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல காத்தோட கதைன்னு நினைச்சதுல பெரும் பங்கு ரத்தத்தோட கதையா இருந்திருக்கு. நான் படிச்சதுலயே என்ன ரொம்ப உலுக்குன கட்டுரைகள்ல இது ஒண்ணு, ஏன்னா என்னோட பாடத்தையே நான் திருத்த வேண்டி வந்துச்சு.

எலியோட நிக்காம மனுஷனுக்கும் இது வந்து சேந்துச்சு. 2000ல அமெரிக்காவுல 861 நோயாளிகள வெச்சு நடந்த ஆய்வுல, உடல் எடை கிலோவுக்கு 12 மி.லி. மூச்சுக்கு பதிலா 6 மி.லி. கொடுத்தப்போ இறப்பு 39.8 சதவீதத்துல இருந்து 31 சதவீதமா குறைஞ்சது. இன்னைக்கு எந்த ஐசியூலயும் சின்ன மூச்சா கொடுக்கறாங்கன்னா அதுக்குப் பின்னாடி இந்த எலிகள் இருக்கு.

கேள்வி: பீப் அவ்வளவு நல்லதுன்னா நிறைய வெச்சுடலாமே?

வெக்க முடியாதுங்க. நுரையீரல் சுருங்கிக் கிடந்தாலும் ரத்தக் குழாய் தடை அதிகம், அளவுக்கு மீறி விரிஞ்சாலும் அதிகம், நடுவுல ஒரு இடத்துலதான் கம்மி. கூடவே நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறுனா உடம்புல இருந்து இதயத்துக்கு திரும்பற ரத்தமும் குறையும். பீப் ஏத்துன உடனே ஆக்சிஜன் ஏறி பிபி இறங்குச்சுன்னா ஆக்சிஜன பாத்து சந்தோஷப்படாம ஒரு எக்கோ போட்டு பாக்கறதுதான் நல்லது.

கேள்வி: பிபி விழுந்தா குளுக்கோஸ், சலைன் ஏத்துனா போதாதா? எங்க வீட்டுல எல்லாரும் "ஏன் இவங்க சலைன கம்மி பண்றாங்க"ன்னு சண்டை போட்டோம்.

சண்டை போட்டது பாசத்துலதான், புரியுது. ஆனா ஓட்டையான குழாய்ல தண்ணிய ஏத்துனா அது நுரையீரலுக்குள்ளதான் வடியும். 1959லயே கைட்டன், லிண்ட்சேங்கறவங்க நாய்கள்ல இத அளந்து பாத்திருக்காங்க, இதயத்து இடது மேலறை அழுத்தம் சுமார் 25 தாண்டுனாதான் நுரையீரல்ல நீர் கோக்குது, ஆனா ரத்தத்துல புரதம் குறைஞ்சிருந்தா அதுல பாதி அழுத்தத்துலயே கோக்க ஆரம்பிச்சிடுது. காயப்பட்ட நுரையீரலுக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் கம்மி. போதாததுக்கு வலது கீழறை ஏற்கனவே உப்பியிருந்தா மேல மேல ஏத்தறது இடது பக்கத்த இன்னும் நசுக்கும். 2006ல 1000 நோயாளிகள் கிட்ட நடந்த ஆய்வுல, ஷாக் நிலைமைய, அதாவது பிபி நிக்காம கிடந்த கட்டத்த, தாண்டுனதுக்கு அப்புறம் தண்ணிய கட்டுப்படுத்துனவங்க சீக்கிரமா வென்டிலேட்டர விட்டு வெளிய வந்தாங்க, கிட்னியும் அதனால கெடல. இறப்புல பெரிய வித்தியாசம் இல்லங்கறதையும் சொல்லிடறேன்.

கேள்வி: எல்லா ஆராய்ச்சியும் சுண்டெலியில பண்ணா செலவு கம்மியாச்சே, எதுக்கு பன்னியும் ஆடும்?

சுண்டெலியோட மொத்த ரத்தமே சுமார் 2 மி.லி., இதயம் நிமிஷத்துக்கு 500 தடவைக்கு மேல துடிக்குது. அதுல திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து, நாள் முழுக்க அழுத்தம் அளந்து பாக்க முடியாது. ஜீன மாத்திப் பாக்கணும்னா சுண்டெலிதான் ராஜா, ரத்த ஓட்டத்த மனுஷனுக்கு போடற அதே குழாய், அதே மிஷின் வெச்சு பாக்கணும்னா பன்னி, ஆடு. ஆனா அதுங்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கு. பன்னி, ஆடு, மாடு இதுங்களோட நுரையீரல் நுண்குழாய்க்குள்ளயே காவல்காரன் மாதிரி மேக்ரோஃபேஜ் செல்கள் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும், ஆரோக்கியமான மனுஷனுக்கு அப்படி பெருசா கிடையாது. அதனாலதான் கொஞ்சூண்டு என்டோடாக்சினுக்கே ஆட்டோட நுரையீரல் அழுத்தம் அப்படி எகிறுது. இத தெரியாம ஆட்டுல வேலை செஞ்ச மருந்த அப்படியே மனுஷனுக்கு எதிர்பாத்தா ஏமாற்றம்தான்.

அதுக்கு ஒரு உதாரணம், நைட்ரிக் ஆக்சைடு வாயு. 1991ல ஆட்டுக்குட்டிகளுக்கு இத மூச்சுல கொடுத்தப்போ இறுகிக்கிடந்த நுரையீரல் குழாய்ங்க நிமிஷங்கள்ல தளர்ந்துச்சு, உடம்போட பிபி விழல, எல்லாரும் ஆடிப் போயிட்டோம். 1993லயே ஏஆர்டிஎஸ் நோயாளிகளுக்கு கொடுத்துப் பாத்தாங்க, அழுத்தம் இறங்குச்சு, ஆக்சிஜன் ஏறுச்சு. ஆனா அப்புறம் வந்த பெரிய ஆய்வுகள்ல உயிர் பிழைக்கறவங்க எண்ணிக்கை கூடல. பயனில்லாத மருந்துன்னு சொல்ல மாட்டேன், வலது இதயம் திணறுறப்போ கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க இன்னைக்கும் உதவுது, பிறந்த குழந்தைகளுக்கு வேற ஒரு பிரச்சனையில ரொம்பவே உதவுது.

கேள்வி: இதெல்லாம் படிக்க மனசு கஷ்டமா இருக்கு. அந்த வாயில்லா ஜீவன்கள் என்ன பாவம் பண்ணுச்சு? நீங்க நிம்மதியா தூங்குறீங்களா?

கோவமா எழுதியிருக்கீங்க, தப்பில்ல. நேரா சொல்றேன். இந்த மாதிரி பரிசோதனையில விலங்கு முழு மயக்கத்துல, வலி மருந்தோட இருக்கணும், பெரும்பாலும் மயக்கத்துல இருந்து எழாமலே உயிர் போற மாதிரிதான் நடத்தறாங்க. 1959ல ரஸ்ஸல், பர்ச்னு ரெண்டு பேர் மூணு விதி சொன்னாங்க, விலங்கு இல்லாம முடியும்னா மாத்து, முடியலன்னா எண்ணிக்கைய குறை, வேதனைய குறை. நான் பாத்தவரைக்கும் ரெண்டாவது விதியிலதான் நாம நிறைய சறுக்குறோம். பன்னியில ஆக்சிஜன் மட்டும் அளந்து, வலது இதயத்த பாக்காம கட்டுரை எழுதிட்டா, அந்த கேள்விக்கு இன்னொருத்தர் இன்னொரு பத்து பன்னிய எடுப்பாரு. ஒரு விலங்க மேசையில படுக்க வெச்சாச்சுன்னா அதுகிட்ட இருந்து கத்துக்க முடிஞ்ச அத்தனையும் கத்துக்கிட்டுதான் எழுந்திரிக்கணும்னு நான் நினைக்கிறேன். தூக்கம் பத்தி கேட்டீங்க. சில நாள் வர்றதில்ல.

கேள்வி: நான் ஐசியூ நர்ஸ். ஏஆர்டிஎஸ் நோயாளிய வென்டிலேட்டர்ல இருந்து கழட்டறப்போ ட்யூப்ப கிளாம்ப் பண்ணச் சொல்றாங்க, அதாவது இடுக்கி போட்டு மூடச் சொல்றாங்க. காத்தறை மூடிக்கும்னு மட்டும்தான் காரணமா? அப்புறம் குப்புறப் படுக்க வெக்கறதால இதயத்துக்கு ஏதாவது உண்டா?

குப்புறப் படுக்கறத மொதல்ல சொல்லிடறேன் சிஸ்டர். முதுகுப் பக்கம் மூடிக்கிடக்கற நுரையீரல் திறக்குது, முன்பக்கம் அதிகமா உப்பறது குறையுது, ரெண்டும் சேந்து குழாய் தடை இறங்குது, அதனால வலது இதயத்துக்கும் பாரம் குறையுது. 2013ல பிரான்ஸ்லயும் ஸ்பெயின்லயும் 466 கடுமையான நோயாளிகள் கிட்ட நடந்த ஆய்வுல, நீண்ட நேரம் குப்புறப் படுக்க வெச்சவங்கள்ல 28 நாள்ல இறந்தது 16 சதவீதம், மல்லாந்து இருந்தவங்கள்ல 32.8. அவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு ஆக்சிஜன் ஏறுனது மட்டும் காரணமா இருக்காதுன்னு நெனக்கிறவன் நான்.

கிளாம்ப் விஷயம். காத்தறை மூடிக்கறது ஒரு காரணம்தான், இன்னொண்ணும் இருக்கு. மேல சொன்ன அதே காவனா குழு 2018ல எலிகள்ல நுரையீரல கொஞ்ச நேரம் அதிக அழுத்தத்துல உப்ப வெச்சு சட்டுனு விட்டாங்க. உப்பியிருந்த நேரம் முழுக்க காயம் பெருசா இல்ல, விட்ட அந்த நொடிக்கு அப்புறம்தான் காயம். நெஞ்சு அழுத்தம் திடீர்னு விழுந்த உடனே ரத்தம் வெள்ளமா திரும்பி வந்து, இடது இதயம் அத வெளியேத்த முடியாம, நுரையீரல் நுண்குழாய்ல அழுத்தம் எகிறி நீர் கசிஞ்சது. மெதுவா இறக்கினப்போ அந்த சேதம் இல்ல. உங்க நோயாளிய ரெண்டு செகண்ட் கழட்டறது அந்த எலி பரிசோதனை அளவுக்கு கடுமையானது கிடையாது, ஆனாலும் 15 பீப்ல இருக்கறவர ஆம்புலன்ஸ் வென்டிலேட்டருக்கு மாத்தறப்போ மூச்சு உள்ள இழுத்த கடைசியில கிளாம்ப் போடுங்க, புது மிஷின் ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எடுங்க, சளி உறிஞ்சறதுக்கு மூடின வகை கதீட்டர் இருந்தா அதையே பயன்படுத்துங்க, பீப் குறைக்கச் சொன்னா ஒரே அடியா இறக்காம ரெண்டு ரெண்டா இறக்கலாமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.